கடல் கடந்த குடிமகனுக்கு அரசு பட்டிருக்கும் கடன்



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர் பினாங்கில் பொருள் ஈட்டியவர். கடல் கடந்து உழைப்பவர்களைப் பற்றியே ஆண்டுதோறும் இங்கே பேச வேண்டும் என்பது அவருடைய விருப்பம் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அறந்தாங்கி, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வழக்கறிஞன் நான். அந்த மனுக்களிலிருந்து எழுந்த ஒரு கேள்வியைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டில் ஓர் இந்தியர் சிக்கலில் மாட்டிக்கொண்டால் அவருக்கு உதவுவது நம் தூதரகத்தின் கடமையா, இல்லை தயவா? சட்டப்படி இன்றைக்கு அது தயவுதான். அதைக் கடமையாக்க வேண்டும், ஆக்கவும் முடியும் என்பது என் கட்சி. ஆக்க முடியும் என்று சொல்வதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பாஸ்போர்ட்டே ஒரு காலத்தில் தயவாகத்தான் இருந்தது.

1967-க்கு முன் இந்தியாவில் பாஸ்போர்ட் தருவதற்கென்று ஒரு சட்டமே கிடையாது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது, கொடுத்ததை எப்போது திருப்பிக் கேட்பது எல்லாம் அரசின் விருப்பம். சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வணிகரிடம் அப்படித் திருப்பிக் கேட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் எதிர்மனுதாரராகப் பெயர் இடம்பெற்றவர் டில்லி உதவி பாஸ்போர்ட் அதிகாரி டி. ராமரத்னம். அரசுத் தரப்பு சொன்னது இதுதான்: பாஸ்போர்ட் என்பது ஓர் அரசு இன்னோர் அரசுக்கு எழுதும் அறிமுகக் கடிதம், அதைக் கேட்டு வாங்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை கிடையாது. 1967 ஏப்ரல் 10 அன்று ஐந்து நீதிபதிகளில் மூவர் இதை ஏற்க மறுத்தார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் ஒருவர் நாட்டை விட்டுப் போகவே முடியாது என்னும்போது, அதை மறுப்பது அவருடைய தனிமனித சுதந்திரத்தைப் பறிப்பதாகும். சட்டம் இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்றார்கள். அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கிய கே. சுப்பாராவ் மறுநாளே தலைமை நீதிபதி பதவியை விட்டு விலகி, குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். பதவியின் கடைசி நேரத்தில் அவர் செய்துவிட்டுப் போன காரியத்தின் பலனை இன்று கோடிக்கணக்கானவர்கள் அனுபவிக்கிறோம்.

அரசு பதறிப்போய் மே மாதமே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஜூன் 24-ஆம் தேதி பாஸ்போர்ட்டுகள் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தைப் பலரும் கட்டுப்பாட்டுச் சட்டமாகவே பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் 6-ஆவது பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்று வரையறுக்கிறது. 5-ஆவது பிரிவு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய், கேட்டால் நகல் கொடு என்கிறது. 11-ஆவது பிரிவு, மேல்முறையீட்டுக்கு வழி செய்கிறது. காரணம், எழுத்து, மேல்முறையீடு. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் எந்தத் தயவும் உரிமையின் பக்கம் நகர்ந்துவிடும். அடுத்த பத்தாண்டில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பொதுநலன் என்ற பெயரில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு, காரணத்தைச் சொல்வதும் பொதுநலனுக்கு ஒவ்வாது என்று அரசு மறுத்தது. அந்த வழக்கில் 1978 ஜனவரி 25 அன்று வந்த தீர்ப்பு, சட்டத்தில் நடைமுறை என்று ஒன்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது. சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்காகப் படிக்கிறீர்கள். அது ஒரு பாஸ்போர்ட் வழக்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

உரிமை வந்த கையோடு வசதியும் வந்துவிடவில்லை. அதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. சென்னை ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருந்த பாஸ்போர்ட் அலுவலக வாசலில் விடியற்காலையில் போட்ட வரிசை என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. படிவம் நிரப்ப ஒருவர், முன்னால் இடம் பிடிக்க ஒருவர், போலீஸ் விசாரணை முடிந்ததா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் என்று ஒரு தனித் தொழிலே அங்கே நடந்தது. இன்றைக்குச் சாலிகிராமத்திலோ அமைந்தகரையிலோ தாம்பரத்திலோ உள்ள சேவை மையத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், ஏ கவுன்டரில் போட்டோவும் கைரேகையும் எடுக்கிறார்கள், பி-யில் ஆவணம் சரிபார்க்கிறார்கள், சி-யில் அதிகாரி முடிவு செய்கிறார். மதுரை, திருச்சி, கோவையிலும் மண்டல அலுவலகங்கள் வந்துவிட்டன. 2017 முதல் தபால் நிலையங்களிலேயே சேவை மையங்கள் திறந்தார்கள். சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்காலுக்கு மேலே 2,000. அலைய வேண்டியதில்லை, ஆள் பிடிக்க வேண்டியதில்லை. அரசு மனம் வைத்தால் ஒரு சேவை எந்த அளவுக்குச் சீராகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. செய்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

விசாவைப் பற்றி இரண்டே வார்த்தை. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன்னால் கோப்பும் கையுமாக நிற்கும் கூட்டத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே சில நிமிடங்களில் முடிவு சொல்லிவிடுகிறார்கள். மறுத்தால் வருத்தம்தான், ஆனால் வழக்கில்லை. தன் வீட்டுக்குள் யாரை விடுவது என்பது அந்த நாட்டின் இஷ்டம். நம் பத்திரிகைகள் அந்த வரிசையைப் பற்றி நிறைய எழுதுகின்றன. எழுதட்டும். என் கவலை, தன் சொந்த நாட்டின் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பவரைப் பற்றியது.

அவர் யார்? பெரும்பாலும் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவருடைய பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்று இருக்கும். நம் ஊரில் இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்பார்கள். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாப்பாளரின் அனுமதி அவருக்கு வேண்டும். படிப்பில்லாதவரை ஏமாற்றிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடு அது. பதிவு பெற்ற ஏஜென்ட் அவரிடம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். கிராமத்தில் போய் விசா காசு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டுப் பாருங்கள். அதைப்போல் பல மடங்கு சொல்வார்கள். ரசீது இருக்காது. 2018 ஜனவரியில் இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தரப்போவதாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. எந்த விமான நிலையத்திலும் தூரத்திலிருந்தே இவன் படிக்காதவன் என்று காட்டிக்கொடுக்கும் அட்டை. கேரளத்திலிருந்து பலத்த எதிர்ப்பு கிளம்பி, அந்த மாதம் முடிவதற்குள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதில் எனக்கு மகிழ்ச்சி. அப்படி ஒரு யோசனை கோப்பில் ஏறி, பலர் கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததே, அது இன்னும் உறுத்துகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் ஒருவர் வீட்டு டிரைவர் விசாவில் ஒரு வளைகுடா நாட்டுக்குப் போனார். இறங்கிய மறுநாள் பாலைவனத்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் கஃபீல் கையில், அதாவது விசா கொடுத்து அழைத்த முதலாளி கையில். நம் சட்டப்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதை அங்குள்ள சட்டங்களும் தடை செய்கின்றன. ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சம்பளம் வராமல் சில மாதம் பார்த்துவிட்டு இவர் அங்கிருந்து தப்பினார். உடனே கஃபீல் இவரை ஓடிப்போனவர் என்று பதிவு செய்துவிட்டார். அதோடு அடையாள அட்டை செல்லாது, வேறு வேலை பார்க்க முடியாது, ஊருக்கு வர எக்ஸிட் அனுமதி கிடைக்காது, தெருவில் நடந்தாலே கைது. தூதரகம் இருக்கும் நகரத்துக்குப் போவதற்கு வழியில் சோதனைச் சாவடிகள். அங்கே போய்ச் சேர்ந்தால் உதவி கிடைக்கலாம். ஆனால் போய்ச் சேருவதற்கே உதவி வேண்டும்.

அவருடைய மனைவி என்னிடம் வந்தார். தாலுகா அலுவலகம், கலெக்டர் அலுவலகம் எல்லாம் அலைந்து முடித்திருந்தார். மதத் என்ற பெயரில் 2015-இல் வெளியுறவு அமைச்சகம் தொடங்கிய குறைதீர் தளத்தில் நாங்கள் மனு போட்டோம். எண் வந்தது. சில வாரம் கழித்து, முதலாளியைத் தொடர்பு கொள்ள முயற்சி நடப்பதாக ஒரு வரி வந்தது. பிறகு, மனுதாரர் நேரில் வரவில்லை என்ற குறிப்போடு மனுவை முடித்துவிட்டார்கள். நேரில் வர முடியவில்லை என்பதுதான் மனுவே. அதை எடுத்துச் சொல்லி மேலே யாரிடம் முறையிடுவது என்று தேடினேன். மேல் என்று சட்டத்தில் ஒரு இடம் இல்லை. மறுபடியும் புதிதாக ஒரு மனுப் போடலாம், அவ்வளவுதான். கடைசியில் அந்த ஊரில் கடை வைத்திருந்த ஒரு கீழக்கரைக்காரர் தன் பொறுப்பில் காரில் ஏற்றிக்கொண்டு போய்த் தூதரகத்தில் இறக்கிவிட்டார். கையில் எந்த ஆவணமும் இல்லாததால் இவர் இந்தியர்தானா என்று விசாரிக்க நம் ஊர் காவல் நிலையத்துக்குக் கடிதம் வந்தது. ஏட்டு வீட்டுக்குப் போய் ரேஷன் கார்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவசரச் சான்றிதழ் கிடைத்தது. அங்கே எல்லோரும் அவுட்பாஸ் என்றே சொல்வார்கள். ஒரு முறை, ஒரு வழி, ஊருக்கு மட்டும் செல்லும் காகிதம். அவர் வந்து சேர்ந்தார். வரவேண்டிய சம்பளம் வரவில்லை.

அந்தத் தூதரகத்து அலுவலர்களை நான் குறை சொல்லவில்லை. லட்சக்கணக்கான இந்தியர்கள் வாழும் நாட்டில் தொழிலாளர் பிரிவில் சிலரே உட்கார்ந்திருப்பார்கள். சவூதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய தேசத்துக்கு ரியாத்தில் ஒரு தூதரகம், ஜித்தாவில் ஒரு துணைத் தூதரகம். அங்கே அரார் நகரில் வேலை செய்பவர் ரியாத்துக்கு வர ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டிய தூரம் பயணம் செய்ய வேண்டும். அங்கே இருக்கும் அலுவலருக்குத் தமிழ் தெரிந்திருப்பது அந்த ஆண்டு யாருக்கு மாற்றல் வந்தது என்பதைப் பொறுத்தது. ராத்திரி பகலாக உழைத்தவர்களை நான் அறிவேன். பிரச்சினை என்னவென்றால், நல்ல அலுவலர் இருந்தால் வேலை நடக்கிறது, அவர் மாறிப் போனால் நின்றுவிடுகிறது.

மரணம் நேர்ந்தால் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உடலை ஊருக்குக் கொண்டுவர முதலில் அந்த நாட்டு இறப்புச் சான்று, காவல் துறை அறிக்கை, முதலாளியின் தடையில்லாக் கடிதம் வேண்டும். இங்கிருந்து வாரிசின் சம்மதக் கடிதம் நோட்டரி முத்திரையோடு போக வேண்டும். அங்கே தூதரகம் இறந்தவரின் பாஸ்போர்ட்டை ரத்து செய்து தடையில்லாச் சான்று தரும். உடலைப் பதப்படுத்திய சான்று, பெட்டிக்குச் சான்று, விமான நிறுவனத்தின் ஒப்புதல் என்று அடுத்தடுத்து வரும். இத்தனைக்கும் நடுவில் ஒரு வெள்ளி, சனி விடுமுறை வந்தால் மூன்று நாள் போய்விடும்.

அந்தச் சம்மதக் கடிதத்தை நான் எத்தனையோ குடும்பங்களுக்கு எழுதியிருக்கிறேன். உடலை ஊருக்கு அனுப்பச் சம்மதமா, அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதமா என்று அதில் கேட்க வேண்டும். நீதிமன்ற வளாகத்துப் புங்கமரத்தடியில், டைப் அடிப்பவரின் மேசைக்கு முன்னால், இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் அதைக் கேட்க வேண்டும். அவள் மாமனார் முகத்தைப் பார்ப்பாள். மாமனார் என் முகத்தைப் பார்ப்பார். இதே கடிதத்தோடு சேர்த்து இன்னொரு தாளையும் கம்பெனித் தரப்பிலிருந்து அனுப்பிவைப்பது உண்டு. எங்களுக்குக் கம்பெனியிடமிருந்து வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்று வாரிசு எழுதிக் கொடுக்கும் தாள். கையெழுத்துப் போட்டால் உடல் சீக்கிரம் வரும் என்று போனில் சொல்வார்கள். இந்த அவையில் ஊராட்சித் தலைவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த இரண்டாவது தாளில் யாரையும் கையெழுத்துப் போட விடாதீர்கள். உடல் வருவதற்கு அது தேவையே இல்லை. சம்பள பாக்கி, பணிக்கொடை, இழப்பீடு எல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் முறைப்படி அனுமதி பெற்றுப் போனவருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடு இருக்கும். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். பிரீமியம் இரண்டாண்டுக்கு 275 ரூபாய்தான். தன் பெயரில் அப்படி ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இறந்த இந்தியர்கள் 45 பேர், அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். வெளியுறவு இணை அமைச்சர் உடனே குவைத் போனார். 14-ஆம் தேதி விமானப் படை விமானம் உடல்களோடு கொச்சியில் இறங்கியது. இரண்டே நாள். நான் சற்று முன் அடுக்கிய காகிதங்கள் அத்தனையும் அந்த இரண்டு நாளில் தயாராயின. அது முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதே போன்ற ஒரு நகரத்தில் தனியறையில் மாரடைப்பில் இறந்த ஒரு மேஸ்திரியின் உடல் வாரக்கணக்கில் பிணவறையில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்காகத் தொலைக்காட்சி வரவில்லை.

நம் அரசுக்கு ஆற்றல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1990-இல் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தபோது, பாக்தாத் வழியாக ஜோர்டானின் அம்மான் வரை வந்து சேர்ந்த நம்மவர்களை ஏர் இந்தியா விமானங்கள் மாறி மாறிப் பறந்து ஊர் சேர்த்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 2015-இல் ஏமனில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களோடு 41 நாட்டவரையும் மீட்டுவந்தோம். கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கிய நம் மீனவர்கள் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் ஐ.என்.எஸ். ஜலாஷ்வாவில் ஏறினார்கள்; 2020 ஜூலை 1 அன்று அந்தக் கப்பல் 687 பேரோடு தூத்துக்குடிக்கு வந்தது.  சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது ட்விட்டரில் முறையிட்டவர்களுக்கு அவரே பதில் எழுதினார். அவர் மறைந்தபோது வளைகுடாவில் வேலை செய்தவர்கள் கட்சி பார்க்காமல் அழுதார்கள். அந்த அழுகைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ட்விட்டர் தெரியாத தொழிலாளிக்கும், அப்படி ஓர் அமைச்சர் இல்லாத காலத்துக்கும் என்ன ஏற்பாடு?

உலகச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை 1963-இல் கையெழுத்தாகி 1967 மார்ச் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. சத்வந்த் சிங் தீர்ப்புக்கு மூன்று வாரம் முன்பு. இந்தியா 1977-இல் அதில் சேர்ந்தது. தன் நாட்டவருக்கு உதவுவதும் துணைநிற்பதும் தூதரகத்தின் பணிகளில் ஒன்று என்று அதன் 5-ஆவது பிரிவு சொல்கிறது. 36-ஆவது பிரிவுப்படி, கைது செய்யப்பட்ட வெளிநாட்டவரிடம் உன் தூதரகத்துக்குச் சொல்லட்டுமா என்று தாமதமில்லாமல் கேட்க வேண்டும். தூதர் சிறையில் போய்ப் பார்க்க விட வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லாக்ராண்ட் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள் இருவருக்கு, கைதானபோது இதைச் சொல்லாமலே, மரண தண்டனை விதித்தார்கள். ஜெர்மனி வழக்குப் போட்டது. 2001-இல் சர்வதேச நீதிமன்றம், இந்தப் பிரிவு நாடுகளுக்கு மட்டுமல்ல, கைதான தனி மனிதருக்கும் உரிமை தருகிறது என்றது. அந்த வாதத்தையும் துணைக்கு வைத்துத்தான் பாகிஸ்தான் சிறையில் இருந்த இந்தியரான குல்பூஷண் ஜாதவின் வழக்கில் இந்தியா அந்நாட்டை எதிர்த்து நின்றது. 2019 ஜூலை 17 அன்று பதினைந்துக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது.

அந்த வெற்றியில் எனக்கும் பெருமைதான். அதே மூச்சில் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் குடிமகனைப் பார்க்க எங்களை விடு என்று தி ஹேக் நீதிமன்றத்தில் நின்று வாதாடி வென்ற அரசு, என்னை வந்து பார் என்று சிறையிலிருந்து எழுதும் தன் குடிமகனுக்கு என்ன சட்டக் கடமை பட்டிருக்கிறது? வெளிநாட்டுச் சிறைகளில் சுமார் பத்தாயிரம் இந்தியர்கள் இருப்பதாக அரசே நாடாளுமன்றத்தில் சொல்கிறது. இத்தனை நாளுக்குள் ஒருவரைப் போய்ப் பார்த்தாக வேண்டும், பார்க்கவில்லை என்றால் காரணம் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து முதல் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவருக்குத் தடையில்லாமல் வழி விடுங்கள், வேண்டிய எல்லா உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று குடியரசுத் தலைவரின் பெயரால் உலகத்தையே கேட்டுக்கொள்கிறோம். ஊராரிடம் கேட்பதை நம் வீட்டுக்காரர் மட்டும் ஏன் கடமையாக ஏற்கக் கூடாது?

ஜெர்மனி 1974-இலேயே இதற்கென்று ஒரு தூதரகச் சட்டம் செய்துகொண்டது. வெளிநாட்டில் நிர்க்கதியாக நிற்கும் தன் குடிமக்களுக்கு, வேறு வழியில்லாதபோது, தூதரக அலுவலர் உதவ வேண்டும் என்று அதன் 5-ஆவது பிரிவு சொல்கிறது. செலவைப் பிறகு திருப்பிக் கட்ட வேண்டும், அது நியாயமே. தென்னாப்பிரிக்காவில் 2004-இல், ஜிம்பாப்வேயில் கைதான தன் நாட்டவர் தொடுத்த வழக்கில், அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு நடுவழியைக் காட்டியது. உதவி கேட்க குடிமகனுக்கு உரிமை உண்டு, அதைப் பரிசீலித்து முறையாகப் பதில் சொல்ல அரசு கடமைப்பட்டது, எந்த வகையில் உதவுவது என்பதில் அரசுக்குச் சுதந்திரம் உண்டு. நமக்கு இந்த வழி பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும். வெளியுறவு நுட்பமான விஷயம், நீதிமன்றம் தூதருக்கு உத்தரவு போட முடியாது என்பார்கள். சரி. இன்னாரை விடுவித்துக் கொண்டு வா என்று உத்தரவு போடும்படி நான் கேட்கவில்லை. மனுவுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் சொல், உதவ முடியாவிட்டால் ஏன் என்று எழுது, அந்தக் காரணத்தை மேலே ஒருவர் மறுபரிசீலனை செய்ய வழி வை என்கிறேன். 1967-இல் பாஸ்போர்ட்டுக்குச் செய்த அதே காரியம். அன்றைக்கும் வெளியுறவு நுட்பமான விஷயம் என்றுதான் வாதாடினார்கள். சட்டம் வந்தபின் வெளியுறவு கெட்டுப் போய்விடவில்லை.

பணம் எங்கே என்பார்கள். 2009-இல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அருமையான ஏற்பாடு. தங்க இடம், திரும்ப டிக்கெட், வழக்கறிஞர் செலவு, உடலைக் கொண்டுவரும் செலவு, சிறு அபராதங்கள் வரை அதிலிருந்து கொடுக்கலாம். அந்த நிதி எப்படிச் சேர்கிறது? பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் சான்றொப்பம் வாங்கவும் தூதரகத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கூடுதலாக ஒரு சிறு தொகை வசூலிக்கிறார்கள். அதாவது அதில் தொழிலாளியின் பணமும் இருக்கிறது. ஆனால் விதி என்ன சொல்கிறது? பொருளாதார நிலையை ஆராய்ந்து, மிகவும் தகுதியான நேர்வுகளில் உதவலாம் என்கிறது. தகுதியை யார் முடிவு செய்வது, மறுத்தால் எங்கே போவது என்பதற்கு அதில் இடமில்லை. தான் போட்ட சீட்டுப் பணத்தைத் தனக்குத் தேவைப்படும்போது கெஞ்சி வாங்கும் நிலையில் அவரை வைத்திருக்கிறோம்.

1983-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி எழுத 2019-இலும் 2021-இலும் வரைவு மசோதாக்களை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். அவை சட்டமாகவில்லை. இரண்டிலும் ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்வது பற்றியும் தண்டிப்பது பற்றியும் பக்கம் பக்கமாக இருந்தது. அது தேவைதான். அடுத்து வரும் சட்டத்தில் தூதரகத்தின் கடமை என்ற தலைப்பில் ஒரு தனி அத்தியாயம் வேண்டும். உதவி கோரும் உரிமை, பதிலுக்குக் கெடு, எழுத்தில் காரணம், மேல்முறையீட்டு அதிகாரி, கைதானவரைப் போய்ப் பார்க்க நாள் கணக்கு எல்லாம் அதில் வர வேண்டும். நல நிதியில் உதவி மறுத்தாலும் இதே விதி. தொழிலாளர்கள் அதிகமுள்ள நாடுகளில் தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி, வங்காளம் தெரிந்த ஒருவராவது தொழிலாளர் பிரிவில் எப்போதும் இருக்க வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும், மாற்றல் உத்தரவின் கையில் விடக் கூடாது. நேரில் வர முடியாதவரின் மனுவை நேரில் வரவில்லை என்று சொல்லி முடிக்கக் கூடாது என்ற வரி தனியாக இருக்கட்டும். என் புதுக்கோட்டைக் கட்சிக்காரருக்காக அதைக் கேட்கிறேன்.

அடுத்த வரைவு வரும்போது கருத்துச் சொல்லக் கொடுக்கும் அவகாசம் சில வாரங்கள்தான் இருக்கும். டில்லியில் இருக்கும் அமைப்புகள் எழுதும், ஏஜென்ட்டுகளின் சங்கங்கள் எழுதும். திருவாடானையிலிருந்தும் மணமேல்குடியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கடிதம் போக வேண்டும் என்றால் வேலையை இப்போதே தொடங்க வேண்டும். சட்டத் துறை மாணவர்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் மதத் தளத்தில் மனுப் போட்ட குடும்பங்களைத் தேடிப் பிடித்து, என்று போட்டார்கள், என்ன பதில் வந்தது, எப்படி முடித்தார்கள் என்பதை மட்டும் அவர்கள் சம்மதத்தோடு குறித்து வாருங்கள். பெயர் வேண்டாம். என் அலுவலகத்தில் இருக்கும் மனு நகல்களையும் பெயர் நீக்கித் தருகிறேன். சனிக்கிழமை மாலைகளில் நான் இந்தக் கல்லூரிக்கு வருகிறேன். சேர்ந்து உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் பிரிவு பிரிவாக எழுதிவிடுவோம்.